பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

அத்தியாயம் 9

"இந்தத் திரிபுரசுந்தரிக்கு வாயே கிடையாதா?" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அறையைக் காலி பண்ணு என்றால் பண்ணுகிறாள், நீ சொன்ன மெஷின் வேண்டாம் என்றால் சரி என்கிறாள், இதெல்லாம் ஒரு பெண்ணா என்று.

வாய் இருக்கிறது, தாயே. இல்லாமல் என்ன? எப்போது திறப்பது என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். இந்த வாரமும் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் விட்டாள். அதற்கு அவள் கொடுத்த விலையைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கல்யாணராமனுக்குச் சரக்கைக் கப்பலேற்றி அனுப்பும் ஏஜென்ஸி. மிளகும் சுக்கும் மஞ்சளும் பண்டகசாலையிலிருந்து கிளம்பி வெலிங்டன் தீவுக்குப் போய்க் கப்பல் ஏறுவதற்குள், ஒவ்வொரு மூட்டைக்கும் எடை, தரம், அடையாளம் எல்லாம் டைப் அடித்த காகிதம் கட்டுக்கட்டாக வேண்டும். ஒரு எண் தப்பினால் மொத்தக் கட்டையும் மறுபடி அடிக்க வேண்டும். எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த அவருடைய ஒரே பெண் சுந்தரி, "அப்பா, இதையெல்லாம் ஒரு மெஷின் பண்ணும். வாங்கித் தாங்கோ, நான் ஓட்டிக் காட்டறேன்" என்றாள்.

கல்யாணராமனுக்கும் ஆசை வந்தது. ஆசை வந்த வீட்டுக்கு அபிப்பிராயமும் கூடவே வந்துவிடும் அல்லவா?

எதிர்வீட்டு அனந்தநாராயணன், "கம்ப்யூட்டர் உள்ள ஆத்துல குழந்தேளுக்கு வாய்ப்பாடு நிக்காதாக்கும்" என்றார். சாயாக்கடையில், நாலு பேர் ஜோலி போகும் என்று பேச்சு. சுந்தரியின் சித்திக்கோ வேறு கவலை. அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பெண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டால் எவன் கட்டிக்கொள்வான்?

சுந்தரியின் கட்சி இது: "ஹார்ட் டிஸ்க் வெச்ச மெஷினா வாங்கணும். அது பெட்டிக்குள்ள மூடிக் கிடக்கும், தூசி போகாது. வெளியே எடுத்து எடுத்துச் செருகற பிளாப்பித் தகடுன்னா அப்படியில்லை. இந்த ஊர் ஈரத்துல பூசணம் பூக்கும், மிளகுப் பொடி ஒட்டும், யார் கை பட்டாலும் போச்சு. திரை பச்சை எழுத்துத் திரையே போதும்."

"பச்சையா? ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குமே!" என்றார் கல்யாணராமன். "நாலு பேர் வந்து பாக்கறச்சே கலரா இருக்க வேண்டாமா?"

அவர் தம்பி விஸ்வேஸ்வரன், வீட்டில் எல்லாருக்கும் விச்சு, வந்து நடுவில் புகுந்தான். அவனுடைய மச்சினன் வெங்கிட்டு எர்ணாகுளத்தில் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டராகப் பூட்டி விற்கிறவன். "ஹார்ட் டிஸ்க் ஒண்ணு போச்சுன்னா சகலமும் போச்சு. பிளாப்பின்னா ஒண்ணு போனா அந்த ஒண்ணுதான். வெறுதே எதுக்குச் செலவு? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா கலர் மானிட்டர் போட்டுத் தரேங்கறான் வெங்கிட்டு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மச்சினனுக்காகப் பேசுகிறவன் பேச்சு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும்.

அப்படியாகக் கலர் பெட்டி வந்தது. பஜாரில் வைத்தால் மிளகுத் தூசி என்று வீட்டுக்கு வந்தது. ஏசி வேண்டும் என்று, ஒரே ஜன்னல் உள்ள சின்ன அறையான சுந்தரியின் அறைக்கு வந்தது. சுந்தரியின் டிரங்குப் பெட்டியும் பாயும் கிணற்றடிப் பக்கத்துப் பின்னறைக்குப் போயின. அந்தப் பின்னறை, வீட்டுப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்காருகிற அறை. எண்பத்தேழாம் வருஷத்திலுமா என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் வந்த வீட்டில் அதுவும் இருந்தது, அவ்வளவுதான்.

நவராத்திரி ஆரம்பத்தில் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பஜாரின் பெரிய வியாபாரி ஜமுனாதாஸ் சேட் விஜயதசமியன்று வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் பண்டகசாலைச் சரக்குக் கணக்கு முழுவதையும் சுந்தரி ஏற்கெனவே பிளாப்பிகளில் ஏற்றிவிட்டாள்.

"சேட்டு சரின்னுட்டா நோக்கு ஆபீஸ்ல ஒரு மேஜை. பாலக்காட்டு நூரணிக்காராளை ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்னு சொல்லிடறேன். அவர் வேண்டாம்னுட்டா ஞாயித்துக்கிழமையே அவா பொண்ணு பாக்க வருவா. அப்பறம் மூச்சு விடப்படாது, கேட்டயா?"

"சரிப்பா" என்றாள் சுந்தரி. பம்பாயில் வேலை பார்க்கும் நூரணிப் பையன் நல்லவனோ கெட்டவனோ, அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டியது மேஜை. ஒரே ஒரு மேஜை.

இனி விஜயதசமிக் காலை.

சுந்தரி பின்னறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஷ்டமி சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில், பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது, அவளுக்குத் தூரமாகிவிட்டது. இன்று மூன்றாம் நாள். நாளைக் காலையில்தான் குளித்துவிட்டு உள்ளே வரலாம்.

கொச்சியில் பூஜைவைப்பு என்றால் விளையாட்டில்லை. அஷ்டமி மாலை புஸ்தகம், பேனா, கருவி எல்லாம் சரஸ்வதி முன்னால் போய்விட்டால், தசமிக் காலையில் பூஜையை எடுக்கும்வரை ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் பூஜையறையில் வைக்க முடியாதே! அதனால் கல்யாணராமன் சரஸ்வதி படத்தைத் தூக்கிக் கம்ப்யூட்டர் அறையில் வைத்துவிட்டார்.

முற்றத்தில் செருப்புச் சத்தம். அப்பாதான். பின்னறைக்கு நாலடி தள்ளி நின்றார்.

"சுந்தரி, எழுந்திரு. தலைக்குக் குளிச்சுட்டு வா. சேட்டு கிளம்பிட்டாராம்."

அவள் நிமிர்ந்தாள். "நானா? இன்னிக்கா?"

"பின்னே யாரு ஓட்டறது? விச்சுவுக்கு ஸ்விட்ச் போடத்தான் தெரியும். பூஜை எடுத்தாச்சு. நீ குளிச்சுட்டா தோஷமில்லை."

"அம்மா என்ன சொல்றா?"

"அம்மா என்ன சொல்றது? நானாக்கும் சொல்றேன். வா, வா."

பாருங்கள், சாஸ்திரம் எவ்வளவு லேசாக வளைகிறது! வியாபாரம் கூப்பிட்டால் தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் போதும். சுந்தரிக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. மனசு துள்ளியது. கிணற்றடிக்கு ஓடினாள்.

ஈரத் தலையோடு அவள் அறைக்குள் நுழைந்தபோது, ஏசி காற்றில் உடம்பு சிலிர்த்தது. சந்தன வாசனையும் கற்பூர வாசனையும் மூக்கை அடைத்தன. கம்ப்யூட்டரின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பிரிண்டருக்குச் சிவப்புச் செத்திப்பூ மாலை. கீபோர்டின் மேல் துளசி.

"மாலையை எடுத்துடலாமா, பிரிண்டர்ல மாட்டிக்கும்" என்று அவளே எடுத்துச் சரஸ்வதி படத்துக்குப் போட்டாள்.

பிளாப்பிகள் அதனதன் காகித உறைக்குள் பெட்டியில் அடுக்காக இருந்தன. அவள் வைக்கிற வரிசை மட்டும் மாறியிருந்தது. அம்மா தூசி தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜமுனாதாஸ் சேட் வந்தார். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரி. வீட்டில் குஜராத்தி, பஜாரில் மலையாளம், கல்யாணராமனோடு தமிழ். எந்த பாஷையிலும் அதிகம் பேச மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "ம், ஓட்டு" என்றார்.

விஸ்வேஸ்வரன் கதவோரம் நின்றான். கல்யாணராமன் சேட்டின் பின்னால் நின்று இரண்டு கையையும் பிசைந்துகொண்டிருந்தார்.

முதல் பிளாப்பி, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பி வேலையைத் தொடங்குகிற பிளாப்பி, அஷ்டமி மத்தியானத்திலிருந்து டிரைவுக்குள்ளேயே இருந்தது. சுந்தரி ஸ்விட்சைப் போட்டாள். திரை விழித்தது. நீலத்தில் மஞ்சள் எழுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு.

"ஆஹா" என்றார் சேட்.

"கலராக்கும்!" என்றார் கல்யாணராமன்.

"உங்க நாலாம் நம்பர் பண்டகசாலை மிளகை எடுக்கறேன்" என்று சொல்லி, சுந்தரி சரக்குக் கணக்குள்ள பிளாப்பியை இரண்டாவது டிரைவில் செருகினாள்.

கர்ர்ர். கர்ர்ர். அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். திரையில் ஒரு வரி வந்தது. படிக்க முடியவில்லை. விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா? என்று மெஷின் இங்கிலீஷில் கேட்டது.

மறுபடி பார்க்கச் சொன்னாள். கர்ர்ர். அதே கேள்வி. அடுத்த பிளாப்பியைப் போட்டாள். அதே கேள்வி. அதற்கடுத்ததற்கும் அதுவே.

சுந்தரி பிளாப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே தகடு தெரியும் நீளத் துவாரத்தில், பளபளவென்று இருக்க வேண்டிய பழுப்பின் மேல் ஏதோ மங்கலாகப் படிந்திருந்தது. என்ன அழுக்கு இது? அது டிரைவுக்குள்ளே பிளாப்பியைப் படிக்கிற தலையிலும் ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். துடைக்காமல் வேறு நல்ல பிளாப்பியைப் போட்டால் அதுவும் பாழாகும். துடைத்துவிட்டால்...

துடைத்துவிட்டால் பயமில்லை. ஏனென்றால் இன்னொரு காப்பி இருந்தது. அஷ்டமி மத்தியானம், தூரமாவதற்கு முன், எல்லாப் பிளாப்பிகளுக்கும் அவள் நகல் எடுத்திருந்தாள். ஈரம் ஏறாமல் இருக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன் மேல் அவற்றைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். உப்பு ஜாடிக்கு அம்மா செய்கிற உபாயம்தான்.

"அரை மணி நேரம் கொடுத்தா..." என்று அவள் திரும்பினாள்.

அதற்குள் சித்தப்பா பேசிவிட்டான்.

"அண்ணா, நான் அப்பவே சொன்னேன். தூரமாயிருக்கறவளைக் கொண்டுவந்து சரஸ்வதி முன்னால உக்காத்தி வெச்சா எந்தாகும்? இதாக்கும் ஆகும்!"

சேட் தரையைப் பார்த்தார். சுந்தரிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அந்நிய மனுஷர் முன்னால், கூச்சமே இல்லாமல், எதைச் சொல்கிறான் இந்த மனுஷன்!

அவள் அப்பாவைப் பார்த்தாள். 'நான்தான் கூப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை. அது போதும். காலையில் நாலடி தள்ளி நின்று வா வா என்று கூப்பிட்ட வாய்தானே அது?

விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா? கல்யாணராமன் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். சரஸ்வதி படத்தில் மாலை கோணலாக இருப்பதாகப் பட்டதோ என்னவோ, அதைச் சரிசெய்யப் போனார்.

சுந்தரி திறந்த வாயை மூடிக்கொண்டாள். காப்பி இருக்கிறது என்ற வார்த்தை வெளியே வரவே இல்லை. இதைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்னேன்.

சேட் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த கல்யாணராமனைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"மோளே, இந்தப் பெட்டி உன் செலக்‌ஷனா?"

"இல்லை."

"நீயா இருந்தா எது வாங்குவே?"

"ஹார்ட் டிஸ்க் உள்ளது. பச்சைத் திரை."

"ம்." அவர் கல்யாணராமனிடம் திரும்பினார். "நாளைக்கு உச்சை வரைக்கும், பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். கப்பல் காத்து நிக்காது. பஜார்ல வேற ஏஜென்டும் உண்டு."

அவர் போனதும் வீட்டில் டெலிபோன் ஓயவில்லை. முதல் கால் எர்ணாகுளத்துக்கு. மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது, ஓட்டினவர்கள் தப்பு, நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன் என்றானாம் வெங்கிட்டு. விற்றவன் வேறு என்ன சொல்வான்? இரண்டாவது கால் பாலக்காட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை வரலாம், சௌகரியம்தான், பெண்ணுக்கும் சம்மதம்.

பெண்ணைக் கேட்டார்களா என்றால், பெண் மறுபடி பின்னறையில் இருந்தாள். கேட்க வேண்டுமானால் நாலடி தள்ளி நின்று கேட்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு?

மத்தியானம் அம்மா பாக்கியலக்ஷ்மி இலையில் சாதமும் வடையும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துத் தள்ளினாள். சுந்தரி இலையைத் தொடவில்லை. கையில் ஒரு பிளாப்பியை வைத்திருந்தாள். அறையை விட்டு வரும்போது எடுத்து வந்தது. நகத்தால் துவாரத்தின் ஓரத்தைச் சுரண்டி, நகத்தை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இது சந்தனம்."

பாக்கியலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே உங்கிட்ட சொன்னேனே, பெட்டிக்கு மட்டும் பொட்டு வெக்கச் சொல்லு, பிளாப்பியை எடுக்க வேண்டாம்னு. சொன்னயா இல்லையா?"

"சொன்னேன்டி. சத்தியமாச் சொன்னேன். அப்பா கேக்கலை. 'பெட்டி வெறும் பெட்டி, வித்தை பூரா பிளாப்பிலதான் இருக்குன்னு சுந்தரியே சொல்லியிருக்கா, அப்போ சரஸ்வதி எதுல இருக்கா? பெட்டிக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம இருக்கறதா?'ன்னுட்டார். ஒவ்வொண்ணா உறையிலேர்ந்து எடுத்து, அந்தப் பழுப்பா தெரியறதே, அதுதான் நெத்தின்னு நெனைச்சு, பொட்டு வெச்சார். அவ்வளவு பக்தியா வெச்சார்டி."

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொல்லிக் கொடுத்த பாடம்! அப்பா அதை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். அந்த நிமிஷம் அவளுக்கு அப்பாமேல் கோபம்கூட வரவில்லை. பாவம் என்றுதான் இருந்தது.

"சரி, வெச்சது போகட்டும். பொட்டு எங்கே? நான் எடுக்கறச்சே இல்லையே?"

பாக்கியலக்ஷ்மி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பூஜை எடுக்கறச்சே அவருக்கே பயம் வந்துடுத்து. ஈரத் துணியால ஒவ்வொண்ணாத் தொடச்சார். போயிடுத்து, இனிமே ஒண்ணுமில்லை, சுந்தரிகிட்ட பறயாதேன்னார்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"சித்தப்பா அத்தனை பேர் முன்னால அந்தப் பேச்சுப் பேசறச்சேயும் தெரியும்."

"விட்டுடு கண்ணே. தம்பி முன்னால, சேட்டு முன்னால, நான்தான் கெடுத்தேன்னு எப்படிச் சொல்லுவார்? ஆம்பளை. அவர் மானம் போயிடாதா?"

"நேக்கு மானம் இல்லையாம்மா?"

அம்மா, சாதம் ஆறுகிறது என்றாள். சுந்தரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தொட்டுத் தேற்ற முடியாது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அம்மாவும் இந்தப் பக்கம் பெண்ணுமாக உட்கார்ந்து இருவருமே அழுதார்கள்.

விளக்கு வைக்கிற வேளையில் அப்பா வந்தார். இந்தத் தடவை நாலடி இல்லை, இரண்டடிதான் தள்ளி நின்றார். சுந்தரி டிரங்குப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டயா?"

"ஆச்சு."

"தலை வலிக்கறதோ? காத்தால ஈரத்தோட ஏசில உக்காந்தயே."

"இல்லை."

கல்யாணராமன் வேட்டி நுனியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார். "சின்னதுலேர்ந்தே நோக்கு எதையும் ரெண்டாப் பண்ற வழக்கம். பள்ளிக்கூடத்துலகூட ரஃப் நோட்டு ஒண்ணு, நல்ல நோட்டு ஒண்ணுன்னு வெச்சிருப்பே. அந்தப் பிளாப்பிக்கு வேற காப்பி ஏதாவது எடுத்து வெச்சிருக்கயா?"

"இருந்தா?"

அவர் முகத்தில் உயிர் வந்தது. "இருந்தா கொடு. வெங்கிட்டு காத்தால வரான். டிரைவை க்ளீன் பண்ணித் தரேன்னிருக்கான். சேட்டை வரச்சொல்லி, அவன் போட்டுக் காட்டட்டும்."

"வெங்கிட்டுவா? நான் ஓட்டப்படாதா?"

"நாளைக்கு நீ குளிச்சுட்டாலும் விச்சு சம்மதிக்க மாட்டான். இன்னிக்கு ஆனதுக்கப்பறம் சேட்டு முன்னால உன்னை எப்படி? ஞாயித்துக்கிழமை நூரணிக்காரா வேற வரா. நாலு பேர் ஒண்ணைப் பறஞ்சா அது பத்தாகும்."

ஆக, வேலை சுந்தரி செய்தது, காப்பி சுந்தரி எடுத்தது, மேஜை வெங்கிட்டுவுக்கு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

"அப்பா, பிளாப்பிக்குச் சந்தனம் வெச்சது யாரு?"

அவர் கை நின்றது. "அம்மா சொன்னாளா?"

"நீங்க சொல்லுங்கோ. எங்கிட்ட வேண்டாம். சித்தப்பா முன்னறையிலதான் இருக்கார். அவர்கிட்டப் போய், நான்தான் வெச்சேன், நான்தான் ஈரத் துணியால தொடச்சேன், அவ மேல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லிட்டு வாங்கோ. இந்த நிமிஷம் தரேன்."

"பக்தியில பண்ணினதுடி. நல்ல நாளும் அதுவுமா, நல்லது நெனைச்சுத்தானே..."

"வெச்சது போறது. காத்தால தொடைச்சேளே, அப்போ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தப் பிளாப்பியைத் தொட்டிருப்பேனா? நேரே வந்து இதை எடுத்துப் போட்டிருப்பேனே! சேட்டு பிரிண்ட் வாங்கிண்டு போயிருப்பார். உங்க வாயை மூடிண்டேள், என் வாழ்க்கை போச்சு."

அவள் குரல் உடைந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூடியைக் கழற்றிக் காட்டினாள். அரிசி முடிச்சின் மேல் பிளாப்பிகள் வரிசையாக, சுத்தமாக இருந்தன.

கல்யாணராமன் பார்த்தார். இரண்டடி ஓரடியாயிற்று. வாசற்படிக்கு மேலாகக் கை நீண்டது. தூரமானவள் கையிலிருந்து வாங்கப் போகிறோம் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் அவள் கொடுத்துவிட்டிருப்பாள். ஒரு நிபந்தனையும் போட்டிருக்க மாட்டாள். அப்படி ஒரு ஆசை அவள் முகத்தில் இருந்தது.

"அண்ணா!" முன்னறையிலிருந்து விஸ்வேஸ்வரன் குரல். "விளக்கு வெச்ச நேரத்துல அங்கே எந்து பண்றேள்?"

கை சடக்கென்று பின்னால் போயிற்று.

"ஒண்ணுமில்லைடா. கால் அலம்ப வந்தேன்." பிறகு அவளிடம், உதடு அசையாமல்: "வாசப்படில வெச்சுட்டு நகந்துக்கோ. ஜலம் தெளிச்சு எடுத்துக்கறேன்."

சுந்தரி அவரையே பார்த்தாள். பிறகு டின்னை மூடினாள். மூடி இறுகுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்ப்பா. இது நான் தொட்டது. உங்களுக்கு ஆகாது."

கல்யாணராமன் கிணற்றடிக்குப் போய் நிஜமாகவே காலை அலம்பிக்கொண்டு உள்ளே போனார்.

இருட்டுவதற்குள் பாக்கியலக்ஷ்மி போர்வை கொண்டுவந்தாள். "நாளைக்குக் குளிச்சுட்டுக் கட்டிக்க என்ன புடவை எடுத்து வெக்கட்டும்?"

"பச்சைக் கரை போட்ட வெள்ளைக் கைத்தறி."

"அதுவா? அது வெளியில போறச்சே கட்டிக்கறதாச்சே? நாளைக்கு எங்கே போறே?"

"உச்சைக்குள்ள போயாகணும்" என்று சுந்தரி டின்னைத் துணிப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

"எங்கேடி போறே? அப்பா கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க எல்லாரும்தான் ஒண்ணும் சொல்லாம இருக்கறதுல கெட்டிக்காராளாச்சே அம்மா."

பாக்கியலக்ஷ்மிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தாய் மனசு, பேச்சை மாற்றப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை அவா வரச்சே அந்த நெறமில்லாத புடவை ஆகாது. அதுக்கு எதை எடுத்து வெக்க?"

"அதை அப்பாவையே பாத்து எடுக்கச் சொல்லு" என்றாள் சுந்தரி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. "நல்ல கலரா எடுப்பார்."